முதல் வார முட்டைகள்

ஷார்ஜா
12 நவம்பர் 2006

திரு. ஜெயசீலன் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கையை வாசித்த அதிர்ச்சியில்தான் என் கணவர் இறந்தார் என்று நான் சொல்லித் திரிவதாக இங்கே சிலர் கதைக்கிறார்கள். தோஹா வரைக்கும் அது வந்திருக்கும். நான் அப்படி எவரிடமும் சொல்லவில்லை. அவர் சிறுநீரகம் பழுதாகி இறந்தார். அறிக்கை வந்தது பெப்ரவரியில். அவர் போனது ஜூனில். எந்த அதிர்ச்சியும் அவ்வளவு காலம் எடுப்பதில்லை. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் தண்ணீரின் வெப்பநிலை பிழை என்றார். பிறகு சூப் கேட்டார்.

மற்றது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை அன்று உங்கள் முகத்தில் அறைந்தாற்போலக் கதவைச் சாத்தினேன் என்பதும் பொய். ஏசி போட்டிருந்தது, கதவு சாத்தியிருந்தது. நீங்கள் மணியை அடிக்கவில்லை. வாசலில் பழக்கூடையை வைத்துவிட்டுப் போனதாகக் காவலாளி பிறகு சொன்னார். மணி அடிக்காதவருக்குக் கதவு திறக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். வடக்குக் கோரில் 1984-இல் பிடித்த சுபைத்தி மீன்களின் செதில்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடல் நிலத்துக்குள் நுழைந்து நிற்கும் அந்தக் கழியில், மீன்குஞ்சு பொரிக்கிற ஹாச்சரி தொடங்கிய வருஷம் என் கணவர் தன் கையால் பிடித்த மீன்கள் அவை. செதில்களைக் காயவைத்துச் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு பிஸ்கட் டின்களில் வைத்தார். ஹாச்சரிக் கூரை ஒழுகியபோது வீட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது அவை என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. மகள் மேனுஜாவுக்கு அது பிடிக்கவில்லை. அது வேறு கதை.

தொட்டியில் வளர்த்துக் கடலில் விட்ட குஞ்சுகளால் கடல் மீனின் இயல்பே கெட்டுவிட்டது என்று எழுதிய கைக்கு, அதை இன்னும் உறுதிப்படுத்த என் கணவரின் செதில்களே வேண்டுமாம். இருபது வருஷ உழைப்பை நீங்கள் ஒரு வரியில் முடித்தீர்கள். “நிர்வாக வசதிக்காக முதல் வார முட்டைகள் மட்டும் எடுக்கப்பட்டன.” அந்த வரியை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

செதில்களைத் தரமாட்டேன்.

தயவுசெய்து தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். தொலைபேசியில் நீங்கள் எல்லாவற்றுக்கும் “சரிம்மா” என்பீர்கள். பிறகு வேறொன்றைச் செய்வீர்கள்.

இப்படிக்கு,
செல்லம் மகேசன்


நஜ்மா, தோஹா
20 நவம்பர் 2006

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. திட்டியாவது எழுதினீர்களே என்று நிம்மதியாக இருந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹாச்சரியில் சாரிடம் வேலை பார்த்த பதினான்கு வருடமும் என்னை “நீர், உம்மை” என்றே கூப்பிட்டீர்கள். “ஜெயசீலன், நீர் சாப்பிட்டீரா?” என்று கேட்பீர்கள். எங்கள் வேம்பார்ப் பக்கம் அப்படிப் பேச மாட்டார்கள், அதனால் முதலில் சிரிப்பு வரும். இப்போது “நீங்கள்” என்று எழுதியிருப்பதை வாசிக்கும்போது வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டது போல இருக்கிறது.

அந்தியேட்டி அன்று மணி மேல் கை வைத்தேன். உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மணி அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்ப்பது என்னையாக இருக்கும். முடியவில்லை அம்மா. அவ்வளவுதான்.

செதில் ஏன் வேண்டும் என்று சரியாகச் சொல்லாமல் கேட்டது என் தவறு. ஹாச்சரியின் புதிய நிர்வாகம் வரும் ஏப்ரலில் மூன்று லட்சம் குஞ்சுகளை வடக்குக் கோரில் விடப் போகிறது. சார் இருந்தவரை அந்தக் கோரில் ஒரு குஞ்சு விட விட்டதில்லை. எல்லாம் தெற்கே, திறந்த கடலில்தான் விட்டார். காரணம் கேட்டால், “ஒரு இடமாவது இருக்கட்டும்” என்பார். விடலாமா கூடாதா என்று நான் இப்போது வேலை பார்க்கும் ஆய்வகத்திடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். எழுதப் போவது நான். பிப்ரவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

தொட்டி மீன்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். கடலில் இருக்கும் சுபைத்தி மாசி மாதத்தில் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும் நேரம் தண்ணீர் சூடேறத் தொடங்கும், தின்னப் பாசியும் சிறு உயிர்களும் இருக்கும். நம் தொட்டி மீன்கள் இப்போது டிசம்பரிலேயே முட்டையிடுகின்றன. ஆறு தலைமுறையாக முதலில் முட்டையிட்டதன் வாரிசுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். முந்திக்கொள்வது அவற்றின் ரத்தத்தில் ஏறிவிட்டது. தொட்டிக்குள் அதனால் கெடுதல் இல்லை. கடலில் விட்டால், அவை கடல் மீனோடு கலந்து, பிள்ளைகளும் டிசம்பரில் முட்டையிடுகின்றன. ஜனவரியில் வடகாற்று அடித்துத் தண்ணீர் குளிர்ந்ததும் அந்தக் குஞ்சுகள் இரை இல்லாமல் செத்துப்போகின்றன. தெற்குக் கடலில் வலை காலியாக வருவது அதனால்தான். குளிர் நாடுகளில் சால்மன் மீனை வளர்த்து ஆற்றில் விடுகிறவர்களுக்கும் இதே கதை நடந்திருக்கிறது.

வடக்குக் கோரின் மீன்கள் இன்னும் 1984-இன் மீன்களாகவே இருந்தால், அதைக் காட்ட முடிந்தால், அங்கே குஞ்சு விடுவதை நிறுத்தலாம். இன்றைய மீனை எதோடு ஒப்பிடுவது? காய்ந்த செதிலில் ஒட்டியிருக்கும் தோல் துணுக்கு போதும். உலகத்தில் அது உங்கள் கட்டிலுக்குக் கீழே மட்டும்தான் இருக்கிறது.

“நிர்வாக வசதி” என்று எழுதியது சாரைக் குறைப்பதற்காக இல்லை. முதல் வாரத்தோடு ஏன் நிறுத்துகிறோம் என்று அவரிடமே இரண்டு தடவை கேட்டேன். “வசதிக்குத்தான்” என்று சிரித்தார். எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

அன்புடன்,
ஜெயசீலன்


ஷார்ஜா
2 டிசம்பர் 2006

திரு. ஜெயசீலன் அவர்களுக்கு,

சால்மன் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது தகர டின்னில் வரும் சமன்தான். அதற்குள் இருப்பது சமனே அல்ல, வேறு மலிந்த மீன் என்று என் கணவர் ஒவ்வொரு தரமும் சொல்லிவிட்டே சாப்பிடுவார். ஆகவே குளிர் நாட்டுக் கதைகளை என்னிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிதான் என்னை எழுத வைத்தது. காரணம் தெரியாது என்கிறீர்கள். இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக்கிடக்கிறது. மருமகனின் விசாவில் இந்த ஏழாம் மாடியில் இருக்கிறேன். கோபப்படுவதற்குக்கூட இந்த வயதில் பலம் வேண்டியிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் வார முட்டைகளோடு நிறுத்தினால் குஞ்சு வளர்க்கிற வேலை பங்குனியில் முடியும். ஆட்கள் சித்திரை வருஷப்பிறப்புக்கு வீட்டில் நிற்கலாம். பருவம் முழுக்க முட்டை எடுத்தால் வைகாசி முடியும்வரை ஒருவரும் அசைய முடியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு கிடைக்கிற ஆட்கள். வைகாசி கழிந்து போனால் ஊரில் திருவிழாவும் இல்லை, பள்ளிக்கூட விடுமுறையும் இல்லை, டிக்கெட் மட்டும் இரண்டு பங்கு. இதுதான் உங்கள் நிர்வாக வசதி.

1986-இல் சாப்பாட்டு மேசையில் அவர் இதை எனக்குச் சொன்னார். இது விஞ்ஞானம் இல்லையே என்றேன். “மீனுக்கு நாள் கிழமை தெரியாது, செல்லம். இவங்களுக்குத் தெரியும்” என்றார்.

மீனுக்கும் தெரிந்திருக்கிறது.

1996-ஐ நினைத்துப் பாருங்கள். ஈஸ்டர் கழிந்த கிழமை உங்களுக்குக் கல்யாணம். எங்கள் ஹோலில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “சார், லீவு கெடைக்கலன்னா பொண்ணு வீட்ல வேற எடம் பாத்துருவாங்க சார்.” அந்த வருஷம் அவர் முழுசாக ஒரு கிழமைகூட முட்டை எடுக்கவில்லை. நாலாம் நாளே போதும் என்று நிறுத்திவிட்டார். மீதி முட்டைகளைக் கடலுக்குத் திறந்துவிட்டார்.

நிர்வாகம் என்று நீங்கள் எழுதியது உங்களைத்தான்.

அறிக்கையை வாசித்து முடித்துவிட்டு அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “பொடியன் சரியாத்தான் எழுதியிருக்கிறான். ஏன் எண்டதுதான் அவனுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.”

நான் அதைக் காப்பாற்றவில்லை. அவரை நிர்வாகம் ஆக்கிவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கிறதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செல்லம் மகேசன்


நஜ்மா, தோஹா
13 டிசம்பர் 2006

அம்மா அவர்களுக்கு,

மூன்று தடவை ஃபோன் செய்தேன். அம்மா பேச மாட்டார்கள் என்று மேனுஜா சொன்னாள். நீங்கள் சொன்னதை மீறிக் கூப்பிட்டதற்கு மன்னிக்கவும். எழுத வரவில்லை, அதனால்தான்.

முட்டையிடும் தேதிகளை வருட வரிசையில் வரைந்தால், 1996-க்கு அப்புறம் ஒரு சரிவு இருக்கும். அதுவரை மெல்ல மெல்ல முன்னால் வந்துகொண்டிருந்த கோடு அங்கே பொத்தென்று இறங்கும். அந்த வருடத்துக் குஞ்சுகளைத்தான் பிறகு தாய் மீனாக வைத்தோம். ஏன் அந்தச் சரிவு என்று நானும் யோசித்திருக்கிறேன். தண்ணீர் குளிரூட்டும் இயந்திரம் அந்த வருடம் பழுதாகியிருக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதினேன். என் கல்யாணத்துக்கு இயந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது அம்மா. லீவு கேட்டது ஒரு தப்பா? கல்ஃபுக்கு வந்தவன் யார் லீவு கேட்கவில்லை? தினமும் சாருக்குப் பக்கத்தில் நின்றேன். தொட்டியில் மீன் செத்தால் அவரோடு சேர்ந்து நானும் சாப்பிடாமல் இருந்திருக்கிறேன். இதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கல்யாணத்தைத் தள்ளிவைத்திருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தள்ளிவைத்திருக்க மாட்டேன். ஆனால் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு செய்வதும் தெரியாமல் அனுபவிப்பதும் ஒன்றா?

இப்போது இதைக் கேளுங்கள். வடக்குக் கோரில் குஞ்சு விடக் கூடாது என்று நான் எழுதினால், அதோடு மாற்று வழியையும் எழுத வேண்டும். தொட்டியில் இருக்கும் பழைய வம்சத்தை ஒழித்துவிட்டு, கோரிலிருந்து புது மீன் பிடித்து, மாசி தொடங்கிப் பருவம் முடியும்வரை முட்டை எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் வரும் பருவத்திலேயே வேலை வைகாசி வரை இழுக்கும். ஏப்ரல் லீவு ரத்தாகும். தொட்டி வேலையில் இருக்கும் நம் சோலையப்பனுக்குச் சித்திரையில் மகள் கல்யாணம். உங்களுக்குத் தெரியுமா?

என் கையெழுத்தால் அந்த மனுஷன் மகள் கல்யாணத்தில் இல்லாமல் போவார்.

எழுதட்டுமா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். கேட்க சார் இல்லை.

ஜெயசீலன்


ஷார்ஜா
6 ஜனவரி 2007

ஜெயசீலன் அவர்களுக்கு,

திருவெம்பாவை முடியட்டும் என்று இருந்தேன். அதனால் தாமதம்.

உங்கள் கடிதம் வந்ததும் ஹாச்சரிக்கு ஆள் அனுப்பி சோலையப்பனை வரச் சொன்னேன். இரண்டு மீன் கொண்டுவரச் சொன்னேன். தொட்டியில் ஒன்று, வடக்குக் கோரில் ஒன்று. அவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு; வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் இல்லை. ஆகவே இரண்டு சுபைத்தியும் ஒரு இரவு குளிர்ப்பெட்டியில் கிடந்தன. மேனுஜா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அம்மா, கட்டிலுக்குக் கீழ அப்பான்ர மீன், இப்ப ஃபிரிட்ஜுக்குள்ளயும் மீனோ? பிள்ளையள் பால் எடுக்க மாட்டம் எண்டுதுகள்.”

“ஒரு இரவுதானே. பால் செத்துப் போகாது” என்றேன்.

சோலையப்பனுக்குத் தேநீர் கொடுத்து, விஷயத்தை நேரே சொன்னேன். மறைத்துச் செய்கிற காரியங்களால்தான் இந்த நிலைமை வந்தது என்று எனக்குப் பட்டது. அவர் முதலில் சிரித்தார்.

“அது எங்களுக்குத் தெரியும்மா. மீனு வருசா வருசம் முந்துதுல்ல. இப்பிடியே போனா இன்னும் பத்து வருசத்துல தீவாளிக்கே லீவு கெடைக்கும்னு அய்யாகிட்ட கேலி பேசுவோம். மொதல்ல அய்யாவும் சிரிப்பாக. பொறகு சிரிக்கல. எதுக்கு சிரிக்கலைன்னு எங்களுக்கு வெளங்கல.”

வருகிற சித்திரையில் லீவு கிடைக்காமல் போகலாம் என்றேன். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

“பத்திரிக்க அடிச்சாச்சும்மா.”

கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“மீனு அடுத்த வருசமும் முட்ட விடும். எம்மகளுக்கு ஒரு கல்யாணந்தான். அய்யா இருந்தா இந்தப் பேச்சே வந்துருக்காது.”

“அய்யா இருந்தபடியால்தான் இந்தப் பேச்சு வந்தது” என்றேன். அது அவருக்கு விளங்கியதோ தெரியாது. “ஒங்க இஷ்டம்மா. நீங்கள்லாம் படிச்சவுக” என்று எழும்பிப் போய்விட்டார். தேநீர் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இருபது வருஷமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர். ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை.

சனிக்கிழமை இரண்டு மீனையும் ஒரே பலகையில் வைத்து வெட்டினேன். தொட்டி மீன் சிறியது. அதற்குள் சினை நிறைந்து பழுத்துக் கிடந்தது, கைபட்டால் உடைகிற பதம். கோர் மீன் பெரியது, கொழுத்தது. அதன் சினை என் சின்னவிரல் அளவுகூட இல்லை, இறுகி இருந்தது. அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

இந்தக் கரைக்கு வந்த புதிதில் சிவராத்திரி விரதம் முடித்த மறுநாள்தான் சினை மீன் கிடைக்கும். அவர் அதற்காகவே காத்திருப்பார். பிறகு தைப்பொங்கலோடு கிடைத்தது. பிறகு அதற்கும் முதல். நான்தான் பொரித்தேன், நான்தான் பரிமாறினேன். சந்தையில் முந்தி வருகிறது என்று மட்டும் நினைத்தேன்.

ஆகவே வடக்குக் கோர் இன்னும் கெடவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஒரு மீனை வைத்துச் சொல்ல முடியாது என்பீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

செதில்களைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரவில்லை. அவற்றைத் தந்தால் இரண்டு பேருக்குத் தீங்கு. ஒருவர் இறந்துவிட்டார், அவரைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெரியும். மற்றவர் பத்திரிகை அடித்துவிட்டார்.

களைப்பாக இருக்கிறது. இன்றைக்கு இதோடு நிறுத்துகிறேன்.

செல்லம் மகேசன்


நஜ்மா, தோஹா
25 ஜனவரி 2007

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை டியூட்டி முடிந்து வந்து கீழே ஹோட்டலில் வைத்துப் படித்தேன். பரோட்டா ஆறிப்போய்விட்டது. சோலையப்பன் டீயை மிச்சம் வைத்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை ரூமுக்குப் போய்த்தான் படித்தேன்.

லீவைப் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம் என்று யோசித்தேன். பாதிப் பேர் ஏப்ரலில், பாதிப் பேர் ஜூனில். அந்த இடைவெளிக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தால் முடியும். என் மேலதிகாரியிடம் சொன்னேன். “உன்னிடம் கேட்டது மீனைப் பற்றி. லீவைப் பற்றி எழுத நீ யார்?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆய்வகக் கருத்தில் சித்திரை மாதத்துக்கு என்ன வேலை?

முடிவெடுத்துவிட்டேன். ஒப்பிடுவதற்குப் பழைய மாதிரி எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே தீங்கு என்று நிரூபிக்க வழியில்லை என்று எழுதப் போகிறேன். செதில்கள் என் கையில் இல்லாதவரை அது பொய்யில்லை. குஞ்சுகளை விட்டுக்கொள்ளட்டும். சோலையப்பன் கல்யாணத்துக்குப் போகட்டும். கோர் போனால் போகட்டும் அம்மா. எத்தனையோ போய்விட்டது.

சார் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். இதிலாவது நீங்கள் என்னைக் குறை சொல்ல முடியாது. இனிமேல் செதிலுக்காக உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். மேனுஜா சொல்கிறபடி அந்த டின்களை எடுத்துப் போட்டுவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயசீலன்


ஷார்ஜா
17 பெப்ரவரி 2007

ஜெயசீலன்,

நேற்றுச் சிவராத்திரி. விழித்திருப்பது எனக்கு இப்போது விரதமில்லை, வழக்கம். விடிந்ததும் குளித்துவிட்டு, பிஸ்கட் டின்களைக் கட்டிலுக்குக் கீழிருந்து இழுத்தெடுத்தேன். அவர் போன பிறகு திறந்தது இதுதான் முதல் தரம். மீன் வாசம் இல்லை. கடதாசி வாசம்தான்.

ஒவ்வொரு உறையிலிருந்தும் ஒரு செதில் எடுத்து வேறு உறையில் போட்டிருக்கிறேன். மேனுஜாவின் புருவம் பிடுங்குகிற இடுக்கியைக் கொதிநீரில் கழுவித்தான் எடுத்தேன். ஒன்றின் தோல் மற்றதில் ஒட்டக் கூடாது என்பது நாற்பது வருஷம் ஒரு மீன் விஞ்ஞானியோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியும். மருமகனோடு ஜெபல் அலியில் வேலை செய்கிற ஒருவர் செவ்வாய்க்கிழமை தோஹா வருகிறார். அவர் உம்மிடம் நேரே தருவார். மீதி என்னிடமே இருக்கும். நீர் தொலைத்தால் மறுபடி அனுப்புவேன்.

ஆகவே “பழைய மாதிரி எதுவும் கிடைக்கவில்லை” என்று இனி நீர் எழுத முடியாது.

உம்முடைய கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். சார் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்ற வரியில் நின்றுவிட்டேன். உண்மை. அதனால்தான் இதை அனுப்புகிறேன்.

அவர் கெட்ட காரியம் செய்தார் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்த ஆட்கள் சித்திரைக்கு வீட்டில் நிற்க வேண்டும் என்று நினைத்த ஒரே அதிகாரி அவர்தான். ஆனால் அதை அலுவலகத்திடம் வாய் திறந்து கேட்க அவருக்குக் கூச்சம். கேட்டால் மறுப்பார்கள், மறுத்தால் முகம் போய்விடும். நாற்பது வருஷம் அவரோடு வாழ்ந்தவள் சொல்கிறேன், அவரால் கடையில் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்க முடியாது. ஆகவே அலுவலகத்திடம் கேட்க வேண்டியதை மீனிடம் கேட்டார். மீன் கொடுத்துவிட்டது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடவே கொடுத்தது.

நீரும் இப்போது அதையே செய்யப் பார்க்கிறீர். மேலதிகாரியிடம் ஒரு தரம் கேட்டீர், அவர் முறைத்தார், உடனே கோரைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறீர். அந்தக் கோர் உம்முடையதும் அல்ல, என் கணவருடையதும் அல்ல.

நான் கேட்டுவிட்டேன். ஹாச்சரி மனேஜருக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கொன்வென்டில் சிஸ்டர் கற்பித்த ஆங்கிலம்; அதில் கெஞ்சுவதற்குச் சொல் இல்லை, கேட்பதற்கு உண்டு. சோலையப்பன் மகளின் கல்யாணத்துக்குப் போக வேண்டும், அந்த மாதத்துக்கு மாற்று ஆள் எடுக்க வேண்டும், இருபது வருஷம் இந்த ஆட்களின் லீவுக்காகத்தான் ஹாச்சரியின் மீன்கள் மாறிப்போயின, அதைச் செய்தவர் என் கணவர் மகேசன் என்று எழுதினேன். பெயரை நானே எழுதிவிட்டேன். இனி எவரும் எவருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை. மனேஜரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வராமலும் போகலாம்.

கடிதத்தின் பிரதியை சோலையப்பனுக்கு வாசித்துக் காட்ட அவரை வரச் சொன்னேன். வந்தார். வாசித்து முடித்ததும், “இது வேலைக்கு ஆகுமாம்மா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தேநீரைக் குடித்து முடித்தார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவருக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லையே.

இனி நீர் செய்ய வேண்டியது. செதில்களைப் பாரும். கோர் மீனோடு ஒத்துப் போனால் அதை எழுதும், போகாவிட்டால் அதையும் எழுதும். எதுவாக இருந்தாலும், முதல் வார முட்டைகளை எடுத்தது யார், எதற்காக என்று எழுதும். மீனைப் பற்றி எழுதுகிற அதே பக்கத்தில் லீவைப் பற்றியும் எழுதும். ஆட்களுக்கு முறைவைத்து ஏப்ரலில் லீவு கொடுக்காவிட்டால் யாராவது ஒருவர் மறுபடி மீனிடம் போய்க் கேட்பார் என்று எழுதும். அது மீனைப் பற்றிய விஷயம்தான் என்று உம்முடைய மேலதிகாரிக்கு விளங்கும்படி எழுத உமக்குத் தெரியும். அவர் வெட்டினால் வெட்டட்டும். வெட்டியது அவர் என்றாவது இருக்கும்.

பழைய வம்சத்து மீன்களைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது குழியில் கொட்ட விடாதேயும். ஆட்கள் கறி வைக்கட்டும். அவர் இருந்தால் அதைத்தான் சொல்வார்.

அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில் வெப்பநிலை இன்னும் பிழையாகவே இருக்கிறது. அதையும் திருத்தும்.

இவ்வளவையும் எழுதுவீரா, மாட்டீரா? தொலைபேசியில் “சரிம்மா” வேண்டாம். மாத முடிவுக்கு முன் உம்முடைய பதிலை எனக்கு எழுத்தில் அனுப்பும்.

செல்லம் மகேசன்